தண்ணி படாத போர்வை

சித்திரை மாதம், மதியம் இரண்டு மணி. மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் எங்கள் வராந்தாவில் நின்று எண்ணைக் குறித்துக்கொண்டே ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துவிட்டார். உள்ளே என் கணவர் கழுத்து வரைக்கும் கனமான போர்வையைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் கிடந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. மேலே ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஏனுங்கம்மா, சாருக்குக் குளிர் காய்ச்சலுங்களா? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலீங்களா?" என்று பதறினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது. "காய்ச்சல் இல்லைங்க தம்பி. ட்யூட்டி."

மீட்டர்காரர் என்னைப் பார்த்தார். நான் மீட்டரைப் பார்த்தேன். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்காமல் கேட்டைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். அடுத்த முறை வந்தபோது ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

என் கணவர் தேவராஜ் ரயில்வேயில் கூட்ஸ் வண்டி கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னது பொய்யில்லை. நான் தைத்து முடிக்கும் ஒவ்வொரு போர்வையையும் தண்ணீரில் நனைத்து, காயவைத்து, ஒரு மதியமாவது அவர் போர்த்திப் படுத்து எழுந்த பிறகுதான் வீட்டை விட்டு வெளியே அனுப்புவேன். சில வருடங்களாக எங்கள் வீட்டுச் சட்டம் இது. மழைக்காலத்தில் முணுமுணுக்காமல் செய்வார். சித்திரையில் முணுமுணுத்துக்கொண்டு செய்வார்.

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு தப்பு இருக்கிறது. நான் செய்த தப்பு. அதனால் முப்பது வருடத்துச் சிநேகிதி ஒருத்தியை இழக்கப் பார்த்தேன்.

கட்டில் உயர்ந்த கதை

போன வாரம் நான் தையல் டீச்சராக வேலைக்குச் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். அதில் போகிற போக்கில், "இதுவரை நூற்று நாற்பதுக்கு மேல் ஒட்டுத்துணிப் போர்வைகள் தைத்துவிட்டேன்" என்று ஒரு வரி. அதைப் படித்த ஒரு வாசகி, தைத்ததையெல்லாம் என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் மகனும் இதைத்தான் கேட்கிறான், இவ்வளவு மரியாதையாக இல்லை.

ஒட்டுத்துணிப் போர்வை என்றால் தெரியும்தானே? தையல் கடையில் மிச்சம் விழும் துண்டு துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து மேல் துணி செய்வேன். நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு. அடியில் காடா, அதாவது தறியிலிருந்து வெளுக்காமல் வரும் முரட்டுத் துணி. மூன்றையும் சேர்த்து ரன்னிங் தையல் போட்டால் போர்வை. கொங்குப் பக்கம் இதற்குத் துப்பட்டி என்பதுதான் பேச்சு. எனக்கு எந்தப் பெயரும் சம்மதம்.

பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் என் பீரியடை யார் வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்வார்கள். "தையல்தானுங்க டீச்சர், இன்னைக்கு மட்டும் கணக்குக்குக் குடுத்துருங்க." அந்த 'இன்னைக்கு மட்டும்' முப்பது வருடம் நடந்தது. ஓய்வு பெற்ற மறுநாள் காலை மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். இனி என் பீரியடை எவரும் கேட்க முடியாது என்று ஒரு வெறி. அந்த வெறியில் தைத்தவைதான் பாதிக்கு மேல்.

தைப்பதில் சிரமமில்லை. தைத்து முடித்தபின்தான் சிரமம். முதலில் பீரோவுக்கு மேல் அடுக்கினேன். பிறகு லாஃப்டில். பிறகு கட்டிலுக்கு அடியில். பிறகு மெத்தைக்கு அடியில் விரித்து வைத்தால் இடம் மிச்சம் என்று கண்டுபிடித்தேன். ஒன்பதாவது போர்வையை விரித்த அன்று அவர் கட்டிலில் உட்கார்ந்தார், கால் தரைக்கு எட்டவில்லை.

"எஸ்தரு, நான் கார்டு வேலைக்குப் போனவன். மேல் பெர்த்தில படுத்துப் பழக்கமில்லை" என்றார்.

அதற்குப் பிறகுதான் கொடுக்க ஆரம்பித்தேன். எங்கள் சர்ச் சபையில் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் ஒன்று. முதலில் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது பிள்ளை பெற்ற ஒரு பெண், "டீச்சர், மூத்தவங்க ரெண்டு பேரோடதும் புதுசாவே இருக்குது" என்று பக்குவமாகச் சொன்னாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது.

பெங்களூரில் இருக்கும் மகன் ஆறு வாங்கிக்கொண்டான். ஏழாவதைக் கொண்டுபோனபோது பார்த்தேன், இரண்டாவது போர்வை இஸ்திரி மேசையின் மேல் நாலாக மடித்துக் கிடந்தது. மருமகள் அவசரமாக எடுக்கப் போனாள். "இருக்கட்டும்மா" என்றேன். பெருந்தன்மையாகத்தான் சொன்னேன். ரயிலில் திரும்பி வரும்போது சேலம் வரைக்கும் கோபம் ஆறவில்லை.

சர்ச்சில் விளைச்சலைக் காணிக்கையாக வைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்கு ஒன்று கொடுத்தேன். பூசணிக்காயும் வாழைத்தாரும் அடித்துப் பிடித்துப் போயின. என் போர்வையைத் தூக்கிக் காட்டியதும் சபை முழுக்க அமைதி. ஏலம் விடுகிறவர் மூன்று தடவை கூவினார். மூன்றாவது கூவலில் பின் வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. எனக்கு உயிர் வந்தது. திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர். போன போர்வை அன்றைக்கே வீட்டுக்கு வந்து சேர்ந்தது, கூட ஒரு பூசணிக்காயும்.

நிறைய தைக்கிறவர்களுக்கு ஒரு குணம் உண்டு. கொடுப்பது போலத்தான் இருக்கும், ஆனால் உள்ளுக்குள் யார் தலையில் கட்டலாம் என்று தேடிக்கொண்டே இருப்போம். யாருக்காவது குழந்தை பிறந்தால், வீடு மாறினால், காய்ச்சல் வந்தால் எனக்குக் கை பரபரக்கும். ஒரு வாய்ப்புக் கிடைத்துவிட்டது என்று மனம் துள்ளும். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

ருக்மணியின் காடா

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் கருமத்தம்பட்டியில். எங்கள் வீடு இருக்கும் போத்தனூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். பள்ளிக்கு எதிரே ஒரு விசைத்தறிக் கொட்டாய். அதை நடத்தியவர்கள் ருக்மணியும் அவள் கணவர் சுப்பிரமணியமும். எங்கள் வகுப்பு ஜன்னலைச் சாத்தினாலும் அவர்கள் தறிச் சத்தம் கேட்கும்.

சேர்ந்த முதல் வருடம் ஒருநாள் ருக்மணி தலையில் மூட்டையோடு சாலையைத் தாண்டி வந்தாள். "ஏனுங்க டீச்சர், தறியில அடிபட்ட காடா கொஞ்சம் கெடக்குதுங்க. புள்ளைங்க தெச்சுப் பழக ஆகுங்களா?" என்றாள். அப்படி ஆரம்பித்தது. அந்தப் பள்ளியில் என் பாடத்தை ஒரு பாடமாக மதித்தது வாத்தியார்கள் யாருமில்லை, எதிர்ச்சாரித் தறிக்காரிதான்.

நான் ஓய்வு பெற்ற பிறகும் மாதம் ஒருமுறை அங்கே போய்விடுவேன். போர்வைக்கு அடித்துணியாகக் காடா வேண்டுமே. அவள் எடுத்துவைத்திருப்பாள். கூடவே மதியச் சாப்பாடும் உண்டு. சுப்பிரமணியம் அண்ணன் வாசலில் இருந்தால் என்னைக் கண்டதும், "ருக்கு, தையல் பீரியடு ஆரம்பிச்சிருச்சு பாரு" என்பார். ஒவ்வொரு மாதமும் அதே கேலிதான். ஒவ்வொரு மாதமும் சிரிப்பேன்.

ஒரு ஐப்பசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று ருக்மணி போனில் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? மெஷினில் நூல் கோர்த்தேன்.

எது, எது

மூன்று வாரம் தைத்தேன். என் கையிலிருந்து வந்ததில் அதுதான் உருப்படி. மேல் துணி முழுக்கச் செம்மண் நிறமும் மஞ்சளும் இலைப் பச்சையும். அடித்துணிக்கு ருக்மணி கொடுத்த காடாவிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்தேன். அவர்கள் தறியில் அவர்களே நெய்தது. அவர் மேலேயே போய்ச் சேரட்டும் என்று ஒரு ஆசை. தண்ணீரில் போட்டால் மொரமொரப்புப் போய்விடும் என்று நனைக்கவில்லை. மடிப்புக் கலையாமல், கஞ்சி வாசனையோடு அப்படியே கொண்டுபோனேன்.

முன்னறையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். தலைமாட்டில் அவருடைய அக்கா நாச்சம்மாள் உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும், அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. ருக்மணி கால்மாட்டில் நின்றிருந்தாள். அவள் மருமகள் கவிதா, என்னிடம் படித்த பெண், எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

நான் தண்ணீரைக்கூட வாங்கவில்லை. நேராகப் போய், பையிலிருந்து போர்வையை எடுத்து, உதறி விரித்து, மார்பு வரைக்கும் நானே போர்த்திவிட்டேன். யாரும் ஒன்றும் பேசவில்லை. பிரமித்துப் போய் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் வாய் கோணி ஏதோ சொன்னார். குனிந்து கேட்டேன்.

"எ...து..."

"எதுங்களா? இதுங்களாண்ணா? இந்தச் செம்மண் கலர் எங்க தெருத் தையல் கடையில வாங்குனதுங்க."

"எது... எது..."

"இந்த மஞ்சளா? இது என்ற பழைய சேலைங்க. பச்சை வந்து பள்ளிக்கூடத்துப் பாவாடைத் துணி. அடியில பாருங்க, அது உங்க தறிக் காடாவேதான்!"

அவர் விடாமல் "எது, எது" என்றார். இடது கையால் போர்வையைப் பிடித்துக்கூடக் காட்டினார். நானும் விடாமல் ஒவ்வொரு சதுரமாக விளக்கினேன். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு ஆண்பிள்ளை என் துணியைப் பற்றி இவ்வளவு ஆர்வமாகக் கேட்கிறார் என்று எனக்கு வாயெல்லாம் பல். பத்து நிமிடமாவது பேசியிருப்பேன்.

சாப்பிடச் சொல்லி ருக்மணி கூப்பிடவில்லை. வீட்டில் நோயாளி, அவளுக்கு வேலை இருக்கும் என்று கிளம்பிவிட்டேன். பஸ் ஏறும் வரைக்கும் என் வேலைப்பாட்டை நினைத்தே பூரித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து என் கணவரிடமும் பெருமை அடித்தேன். சபையிலும் நாலு பேரிடம் சொன்னேன். பேச்சு வராத மனுஷன், என் போர்வையைப் பார்த்ததும் எது எது என்று கேட்டார் என்று.

மருந்துக் கடை வாசல்

அதன் பிறகு ருக்மணி போன் செய்யவில்லை. நான் செய்தால், "வேலையா இருக்கறேனுங்க டீச்சர், அப்பறம் கூப்பிடறேனுங்" என்று வைத்துவிடுவாள். கூப்பிட மாட்டாள். காடா வரவில்லை. மார்கழி, தை, மாசி என்று மூன்று மாதம் அப்படியே போனது.

பங்குனியில் நூல் வாங்க ஆர்.எஸ்.புரம் போயிருந்தேன். ஒரு மருந்துக் கடை வாசலில் கவிதா நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் ஒதுங்கப் பார்த்தாள். நான் விடுவேனா? கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் கண்ணு, உங்க அத்தைக்கு எம்மேல என்ன கோவம்?"

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க டீச்சர்."

"டீச்சர்கிட்டயே பொய் சொல்றியா?"

அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "டீச்சர், நீங்க அன்னைக்கு மாமா மேல கோடி போட்டுட்டீங்க."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை. அவள்தான் தயங்கித் தயங்கி விளக்கினாள். தண்ணி படாத புதுத்துணி கோடி. அதிலும் தறியிலிருந்து இறங்கின காடா. படுத்துக் கிடக்கிறவர் மேல் வெளியிலிருந்து ஒருவர் கோடித் துணியைக் கொண்டுவந்து போர்த்துவது எப்போது நடக்கும் என்று எனக்கே தெரியாதா? சாவு வீட்டில் கடைசியாகச் செய்வதை, உயிரோடு இருக்கிற மனிதருக்கு, அவர் அக்காவும் பெண்டாட்டியும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிரித்த முகத்தோடு செய்திருக்கிறேன்.

"மாமா எது எதுன்னு கேக்கலீங்க டீச்சர். எடு எடுன்னாருங்க" என்றாள் கவிதா.

மருந்துக் கடை வாசலில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பத்து நிமிடமும் கண் முன்னால் வந்தது. எடு, எடு என்று ஒரு மனிதர் கெஞ்ச, நான் பாவாடைத் துணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் பிறந்தது அவிநாசிப் பக்கம்.

"எங்க ஊர்ல சின்னப் பசங்களுக்குக்கூட இது தெரியும் எஸ்தரு. முப்பது வருசம் அந்த ஊருக்குப் போயிட்டு வந்திருக்கே."

"நான் போனது பள்ளிக்கூடத்துக்கு. எழவு வீட்டுக்கா போனேன்? நான் கொண்டுபோறதைப் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க, நீங்க சொல்ல வேண்டியதுதான?"

"நனைச்சுக் கொண்டுபோறேன்னு நெனச்சேன். ஒரு தடவை தண்ணி பட்டுட்டா அது கோடி இல்ல. வெறும் துணிதான்."

போத்தனூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். எங்கள் வீடுகளில் புதுத்துணி என்றால் கிறிஸ்துமஸ்தான். இதைச் சொல்லி என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்தேன். ஆகவில்லை. தெரியாமல் மிதித்தாலும் மிதிபட்டவருக்கு வலிக்கத்தானே செய்யும்.

சொல்ல முடியாத மன்னிப்பு

நேரே போய் மன்னிப்புக் கேட்டால் என்ன என்று நினைப்பீர்கள். அங்கேதான் சிக்கல். மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். படுக்கையில் இருப்பவரின் வீட்டுக்குள் நின்று, "நான் போட்டது கோடி என்று எனக்குத் தெரியாது" என்றால், போட்டதை வாயாலும் ஒருமுறை போட்டது போல ஆகிவிடும். நாச்சம்மாள் என்னைக் கையைப் பிடித்து வெளியே விட்டிருப்பார்.

அதற்கிடையில் சுப்பிரமணியம் அண்ணனை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கவிதா செய்தி அனுப்பினாள். நான் முழங்காலில் நின்று ஜெபம் செய்தேன். எதற்கு என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் பிழைக்க வேண்டும் என்று பாதி. அவர் போய்விட்டால், டீச்சர் வந்து போட்ட துணிதான் கொண்டுபோயிற்று என்று ஆயுசுக்கும் பேச்சு நிற்குமே என்று மீதி. எந்தப் பாதி பெரிது என்று கர்த்தருக்குத்தான் தெரியும்.

அவர் பிழைத்து வீடு திரும்பினார். மறு வாரமே நான் பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஒரு பொய்யை மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

வாசலிலேயே நின்றுகொண்டேன். ருக்மணி வந்தாள். இளைத்துப்போயிருந்தாள். உள்ளே வாங்க என்று சொல்ல வாயெடுத்தாள், பிறகு நாச்சம்மாள் இருந்த உள்ளறையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"ருக்மணி, அந்தத் துப்பட்டியில ஒரு ஓரத்துல தையல் விட்டுப்போச்சுங்க. எனக்குத் தூக்கமே வரலை. எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணிக் கொண்டாரட்டுங்களா?"

முப்பது வருடத்தில் நான் கொடுத்த எந்தத் துணியிலும் ஒரு தையல்கூட விட்டதில்லை என்பது அவளுக்குத் தெரியும். என்னை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"ஆமாங்க டீச்சர். நானும் பார்த்தேனுங்க. விட்டுத்தான் போச்சு" என்றாள்.

வீட்டுக்குள் போகவில்லை. தறிக் கொட்டாய்க்குப் போய், நூல் பெட்டிகளின் மேலிருந்து எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தாள். வீட்டுக்குள் வைக்கவும் முடியாமல் வீசி எறியவும் மனமில்லாமல் அத்தனை மாதமும் அங்கே கிடந்திருக்கிறது.

கையில் கொடுக்கும்போது கேட்டாள். "இதை நனைச்சாச் சாயம் போகுங்களா?"

"நனைச்சுப் பாத்துட்டே கொண்டு வாரேனுங்க."

"ஆமாங். நல்லா நனைச்சுப் பாருங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. என்னுடையதும்தான்.

ட்யூட்டி ஆரம்பம்

நனைந்த போர்வையின் கனம் நனைத்தவர்களுக்குத்தான் தெரியும். நானும் என் கணவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மொட்டைமாடியில் முறுக்கினோம். அவர் பக்கம் முறுக்கு ஏற ஏற என் பக்கம் தண்ணீர் கொட்டியது. கஞ்சி போய்க் காடா துவண்டுவிட்டது. மூன்று தடவை நனைத்தோம். அப்புறமும் எனக்குத் திருப்தியில்லை.

"பாத்தா இன்னும் புதுசு மாதிரிதாங்க இருக்குது" என்றேன்.

"அப்ப நான் கொஞ்ச நாள் போத்திக்கறேன். பழசாயிரும்" என்றார் அவர். இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் சொன்ன உருப்படியான யோசனைகளில் இது ஒன்று. ஆனால் அப்போது வைகாசி.

ஒரு வாரம் மதியத்தில் அதைப் போர்த்திக்கொண்டு படுத்தார். தூங்கி எழுந்ததும் கார்டு பழக்கத்தில், "ரைட்" என்பார். ஆறாவது நாள் எழுந்து உட்கார்ந்து டீ குடிக்கும்போது டம்ளர் சரிந்து மஞ்சள் சதுரத்தின் மேல் கொட்டிவிட்டது. உள்ளங்கை அகலத்துக்குக் கறை.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரம்மா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். என் கையால் தைத்ததிலேயே நல்ல போர்வை! சோப்பு போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன். மங்கியதே தவிர போகவில்லை.

அவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இனி இதை யாராவது புதுசுன்னு சொல்லுவாங்களா?" என்றார் மெதுவாக.

தேய்ப்பதை நிறுத்தினேன்.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அவருடைய ட்யூட்டி. இப்போது எந்தப் போர்வையும் நனையாமல், அவர் போர்த்தாமல், 'ரைட்' வாங்காமல் வெளியே போவதில்லை. டீ மட்டும் ஊற்ற விடுவதில்லை. இன்னொரு மாற்றமும் உண்டு. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதலில் வெறுங்கையோடுதான் போகிறேன். போய் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்கிறேன். போர்வை தேவையா என்பதெல்லாம் அப்புறம்தான். அதனால் லாஃப்ட் நிறைந்து கிடக்கிறது. கிடக்கட்டும்.

மஞ்சள் சதுரம்

அந்தப் போர்வையோடு மறுபடியும் கருமத்தம்பட்டிக்குப் போனேன். பையில்கூட வைக்கவில்லை, தோளில் போட்டுக்கொண்டே பஸ்ஸில் போனேன். இன்னும் கொஞ்சம் பழசாகட்டும் என்றுதான்.

நாச்சம்மாள்தான் வாசலில் இருந்தார். என் தோளைப் பார்த்ததும் முகம் இறுகியது. கையை நீட்டினார். கொடுத்தேன். காடாப் பக்கத்தைத் திருப்பி முகர்ந்தார். விரலால் கசக்கினார். மஞ்சள் சதுரம் வந்ததும் நின்று, கறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"என்னங்க டீச்சரம்மா, கறையா இருக்குது?"

"என்ற ஊட்டுக்காரர் டீயக் கொட்டிப்போட்டாருங்க."

"அவரு போத்துனதுங்களா இது?"

"ஆமாங்க. பழசுதானுங்க."

அவர் போர்வையை மடித்தார். உள்ளே திரும்பி, "ருக்கு, டீச்சர் வந்திருக்கறாங்க பாரு. பழைய துப்பட்டி ஒண்ணு கொண்டாந்திருக்கறாங்க. இலை போடு" என்றார்.

சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று நினைவில்லை, இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டது மட்டும் நினைவிருக்கிறது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. தென்மேற்குக் காற்று ஜன்னல் வழியாக ஈரத்தோடு அடித்தது. ருக்மணி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தானாகப் போய்ப் போர்வையை எடுத்து, கணவரின் கால் தொடங்கி மார்பு வரைக்கும் போர்த்திவிட்டாள். இந்தத் தடவை நான் அறையின் ஒரு மூலையில் நின்றேன். கையைக் கட்டிக்கொண்டேன்.

சுப்பிரமணியம் அண்ணன் போர்வையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். இடது கை மெல்ல நகர்ந்து மஞ்சள் சதுரத்தின் மேல் வந்து நின்றது. கறையைத் தடவினார். உதடு கோணி அசைந்தது, சத்தம் வரவில்லை.

நாச்சம்மாளுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை போலிருக்கிறது. கட்டில் அருகே வந்து, "கசகசன்னு இருக்குதாப்பா? எடுத்தரட்டுமா?" என்று போர்வையின் ஓரத்தைப் பிடித்தார்.

அண்ணன் இடது கையால் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "உ...டு" என்றார்.

யாருக்கும் தப்பாகக் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் விடு என்பதை அப்படித்தான் சொல்வார்கள்.

நாச்சம்மாள் கையை எடுத்துவிட்டார். ருக்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டாய்ப் பக்கம் போனாள், எனக்குக் காடா எடுத்துவர. நான் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவர் விரல் இன்னும் அந்த மஞ்சள் துண்டின் மேலேயே இருந்தது. அது என் சேலை என்றோ, கறை எப்படி வந்தது என்றோ நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.